உண்மையான லாபத்தைக் காட்டினால் வரி கூடுமா? எட்டு சதவீதக் கணக்கால் கடன் கிடைக்காமல் போனது

ஊசியும்நூலும் | 9 ஜனவரி 2026

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் முன்பகுதியில் தையல்கூடம் நடத்துகிறேன். என்னுடன் இரண்டு பெண்கள் சம்பளத்துக்கு வேலை செய்கிறார்கள். ஆண்டு வரவு ஏறத்தாழ 18 லட்சம் ரூபாய். அதில் 12 லட்சம் வங்கிக் கணக்குக்கு வருகிறது, 6 லட்சம் ரொக்கம்.

எனக்குக் கணக்கு தாக்கல் செய்து கொடுப்பவர் மூன்று ஆண்டுகளாக என் வருமானம் 1,20,000 ரூபாய் என்று போட்டு வருகிறார். கேட்டால், "சட்டமே இவ்வளவு காட்டினால் போதும் என்கிறது, நீங்கள் ஏன் கவலைப்படுகிறீர்கள்?" என்பார். நானும் விட்டுவிட்டேன். இப்போது ஒரு காஜா இயந்திரமும் இரண்டு பவர் மெஷின்களும் வாங்க 5 லட்சம் கடன் கேட்டுப் போனேன். மூன்று ஆண்டுக் கணக்கை வாங்கிப் பார்த்த வங்கி அதிகாரி, "மாதம் பத்தாயிரம் வருமானத்தில் தவணையை எப்படிக் கட்டுவீர்கள்?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. உண்மையில் அதைப் போல ஐந்து மடங்கு சம்பாதிக்கிறேன். அதை நிரூபிக்க என் கையில் ஒரு தாளும் இல்லை.

உண்மை லாபத்தைக் காட்டினால் எவ்வளவு வரி வரும்? மெஷின் வாங்கிய செலவு, வாடகை, வீட்டுக்கடன் எல்லாவற்றையும் கழிக்கலாமா? கணவர் மாதச் சம்பளக்காரர். அவருக்கும் கழிவுகள் அதிகமுள்ள பழைய வரி முறையா, விகிதம் குறைந்த புதிய முறையா என்ற குழப்பம் தீரவில்லை.

---

வரவேடு | 9 ஜனவரி 2026

அம்மா, வரிக்கணக்கு எழுதுவதே முப்பது ஆண்டுகளாக என் தொழில். உங்கள் கேள்விக்கான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. உங்கள் உண்மையான லாபம் 6 லட்சம் என்று வைத்துக்கொண்டால், அதை முழுமையாகக் காட்டினாலும் இந்த ஆண்டு நீங்கள் கட்ட வேண்டிய வரி பூஜ்யம். ஒரு ரூபாய்கூட இல்லை.

2025-26 நிதியாண்டுக்குப் புதிய வரி முறையில் முதல் 4 லட்சத்துக்கு வரி இல்லை. 4 முதல் 8 லட்சம் வரை 5 சதவீதம், 8 முதல் 12 வரை 10, 12 முதல் 16 வரை 15, 16 முதல் 20 வரை 20, 20 முதல் 24 வரை 25, அதற்கு மேல் 30. இதில் மொத்த வருமானம் 12 லட்சத்தைத் தாண்டாதவர்களுக்கு, கணக்கில் வரும் வரியை 60,000 ரூபாய் வரை 87ஏ பிரிவு தள்ளுபடி செய்துவிடுகிறது. இந்தச் சலுகை சம்பளக்காரர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இந்தியாவில் வசிக்கும் தனிநபர் எவருக்கும் உண்டு, தொழில் செய்பவருக்கும் உண்டு. 75,000 ரூபாய் நிலையான கழிவுதான் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் மட்டும் உரியது.

எனக்கு வருத்தம் தருவது வேறொன்று. 2023-24, 2024-25 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் புதிய முறையில் 7 லட்சம் வரை வரி கிடையாது. அப்போதே உண்மையைக் காட்டியிருந்தாலும் நீங்கள் எதையும் கட்டியிருக்க வேண்டாம். இல்லாத வரிக்குப் பயந்து வருமானத்தை மறைத்திருக்கிறார்கள். அதற்கு விலையாகப் போனது உங்கள் கடன்.

---

கடைவாசல் | 9 ஜனவரி 2026

வரவேடு ஐயா சொல்வதை மதிக்கிறேன், ஆனால் இதில் எனக்கு உடன்பாடில்லை. நான் மளிகைக் கடைக்காரன். சிறு தொழில்களுக்கான வருமான வரிச் சட்டத்தின் 44ஏடி பிரிவில், ரொக்க வரவில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்த வரவில் 6 சதவீதம் லாபம் என்று அரசாங்கமே நிர்ணயித்திருக்கிறது. கணக்கேடு வைக்க வேண்டாம் என்பதும் அரசாங்கம் கொடுத்த சலுகைதான். சகோதரியின் கணக்கையே பாருங்கள்: 12 லட்சத்துக்கு 6 சதவீதம் 72,000, 6 லட்சத்துக்கு 8 சதவீதம் 48,000. மொத்தம் 1,20,000. அவருடைய ஆள் சரியாகத்தான் போட்டிருக்கிறார். சட்டம் கேட்காததை நாமாக ஏன் சொல்ல வேண்டும்?

---

வரவேடு | 10 ஜனவரி 2026

கடைவாசல் அவர்களே, கூட்டல் சரி. பிரிவைப் படித்த விதத்தில்தான் பிழை. 44ஏடி, வரவில் எட்டு சதவீதம் "அல்லது அதைவிட அதிகமாக ஈட்டியதாகச் சொல்லும் தொகை" என்கிற பொருளில் எழுதப்பட்டிருக்கிறது. ஆகவே எட்டு என்பது கீழ்வரம்பு. அதற்குக் குறைவாகக் காட்டினால் கேள்வி வரும் என்பதுதான் அதன் பொருள். முப்பது சதவீத லாபம் சம்பாதிப்பவர் எட்டைக் காட்டிவிட்டு மீதியை மறந்துவிடலாம் என்று அந்தப் பிரிவில் எங்கும் இல்லை. மளிகையில் எட்டு சதவீதம் உங்கள் உண்மை லாபத்துக்கு அருகிலேயே இருக்கலாம். தையலில் அப்படி இல்லை. அங்கே விலைபோவது கைவேலை.

இன்னொன்றையும் யோசியுங்கள். ஆண்டுக்கு 1.2 லட்சம் வருமானம் காட்டும் ஒருவர் நான்கைந்து ஆண்டுகளில் 30 லட்சம் ரூபாய்க்கு மனை வாங்குகிறார். பதிவுத்துறையிலிருந்து அந்தத் தகவல் வரித்துறைக்குப் போகிறது. பணம் ஏது என்று கேட்டால் என்ன சொல்வார்? திருப்தியான விளக்கம் இல்லையென்றால் அது கணக்கில் வராத முதலீடு. 2025-26 விதிப்படி அதற்கு 60 சதவீத வரி, அந்த வரித்தொகையில் 25 சதவீதம் கூடுதல் கட்டணம், பிறகு இரண்டும் சேர்ந்த தொகையில் 4 சதவீதம் செஸ் என்ற மேல்வரி. மொத்தம் 78 சதவீதம். சேர்த்த பணத்தில் முக்கால் பங்குக்கும் மேல் போய்விடும். நேர்மையாக உழைத்துச் சேர்த்த பணத்துக்கு இந்தக் கதி வருவதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

---

கடைவாசல் | 10 ஜனவரி 2026

அந்த 78 சதவீதம் எனக்குத் தெரியாது. மகள் பெயரில் மனை பார்த்துக்கொண்டிருக்கிறேன், படித்ததும் உறக்கம் போய்விட்டது. கணக்கேடு இல்லாமல் உண்மை லாபத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதையும் சொல்லுங்கள் ஐயா.

---

வரவேடு | 10 ஜனவரி 2026

ஐந்து கட்டம் போட்ட ஒரு நோட்டுப் புத்தகம் போதும். ஊசியும்நூலும் அம்மாவின் தொழிலையே எடுத்துக்கொள்கிறேன், தொகைகள் என் ஊகம். வரவு 18 லட்சம். துணி, நூல், ஜிப் 5.2 லட்சம். இரண்டு பெண்களின் சம்பளம் 4.8 லட்சம். கூடத்துக்கு உரிய வாடகைப் பங்கும் மின்கட்டணமும் 1.1 லட்சம். பழுது, அனுப்பும் செலவு 60,000. இயந்திரத் தேய்மானம் 30,000. செலவு 12 லட்சம், லாபம் 6 லட்சம்.

இதில் மக்கள் தடுமாறும் இடங்கள் மூன்று, நான்கு உண்டு. இயந்திரம் வாங்கிய விலை அந்த ஆண்டின் செலவு ஆகாது. அது சொத்து. ஆண்டுக்கு 15 சதவீதம் தேய்மானமாகத்தான் கழியும். வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தியிருந்தால் அதிலும் பாதிதான். கணினிக்கு 40 சதவீதம், மேசை நாற்காலிக்கு 10. தொழிலுக்கு வாங்கிய கடனின் தவணையில் வட்டி செலவு, அசல் செலவு ஆகாது. உரிமையாளர் தனக்கென எடுத்துக்கொள்ளும் பணமும் செலவு ஆகாது, அது லாபத்திலிருந்து எடுப்பது. வீட்டு வாடகை முழுவதையும் தொழிலில் எழுதக்கூடாது. கூடம் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறதோ அந்த அளவு மட்டும்.

கவனியுங்கள், 44ஏடி திட்டத்தில் தாக்கல் செய்தால் இந்தச் செலவுகளைப் படிவத்தில் தனியாகக் கழிக்க முடியாது. எல்லாச் செலவும் போன பிறகு வரும் லாபமாகவே அந்தத் தொகையைச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. உங்கள் நோட்டுப் புத்தகக் கணக்கு, படிவத்தில் எழுத வேண்டிய லாபம் எவ்வளவு என்று நீங்கள் தெரிந்துகொள்வதற்கு. சுகம் என்ற ஐடிஆர்-4 படிவத்திலேயே 6 லட்சத்தைக் காட்டலாம். எட்டு சதவீதத்துக்கு மேல் காட்டுவதால் தணிக்கை தேவையில்லை.

எதிர்ப்பக்கமும் தெரிந்திருக்க வேண்டும். இந்தத் திட்டத்தில் நுழைந்தபின் ஐந்து ஆண்டுகளுக்குள் ஏதாவது ஓர் ஆண்டு எட்டுக்கும் ஆறுக்கும் கீழே காட்டி வெளியேறினால், அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்பி வர முடியாது. வருமானம் வரி விலக்கு வரம்பைத் தாண்டினால் கணக்கேடும் தணிக்கையும் கட்டாயம். திட்டத்தின் வரம்பு 2 கோடி ரூபாய் விற்றுமுதல். ரொக்க வரவு ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் 3 கோடி. கமிஷன், தரகு, ஏஜென்சி வருமானத்துக்கு இது பொருந்தாது.

---

தனிப்பணி | 11 ஜனவரி 2026

மென்பொருள் ஆலோசனை வேலையைத் தனியாகச் செய்கிறேன். 9 லட்சம் வரவு. வாடிக்கையாளர் 10 சதவீதம் வரியாகப் பிடித்து 90,000 கட்டியிருக்கிறார். என்னைப் போன்ற தொழில்முறையாளர்களுக்கான 44ஏடிஏ பிரிவில் வரவில் 50 சதவீதத்தை லாபமாகக் காட்டினால் 4.5 லட்சம்தான் வருமானம், முழுப் பணமும் திரும்பி வரும் என்று நண்பர் சொல்கிறார். புது மடிக்கணினி 1.1 லட்சம். அதையும் கழிக்கலாமா?

---

வரவேடு | 11 ஜனவரி 2026

தம்பி, மடிக்கணினி அந்த 50 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டது. மறுபடி கழிக்க வழியில்லை. வீட்டிலிருந்தே வேலை செய்யும் உங்களுக்கு உண்மையான செலவு 2 லட்சம்தான் என்றால், 7 லட்சத்தைக் காட்டுங்கள். அப்போதும் 12 லட்சத்துக்குள்தானே இருக்கிறீர்கள்? பிடித்த 90,000 முழுவதும் திரும்பி வரும். அம்மாவுக்குச் சொன்னதுதான் உங்களுக்கும். உண்மையைச் சொல்ல இந்த ஆண்டு செலவே இல்லை.

வரவு கூடும் ஆண்டுகளுக்கு ஒரு தேதியை மட்டும் மனத்தில் வையுங்கள்: மார்ச் 15. ஆண்டு வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் வருமானால் முன்கூட்டியே கட்ட வேண்டும். மற்றவர்களுக்கு ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் என்று நான்கு தவணை. 44ஏடி, 44ஏடிஏ பிரிவினர் மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். தவறினால் மாதம் ஒரு சதவீத வட்டி.

---

நாற்பதுக்குமேல் | 12 ஜனவரி 2026

சம்பளக்காரர்கள் சார்பில் நான் எழுதுகிறேன். ஊசியும்நூலும் சகோதரி, உங்கள் கணவருக்கும் இது உதவலாம்.

என் சம்பளம் 14.5 லட்சம். பத்து ஆண்டுகளாக ஜனவரி வந்தால் ஒரே ஓட்டம். காப்பீட்டு முகவரிடம் ஓடுவேன், பிபிஎஃப் சேமிப்புக் கணக்கில் போடுவேன், ரசீது தேடுவேன். இந்த முறை உட்கார்ந்து இரண்டு முறையிலும் போட்டுப் பார்த்தேன். பழைய முறையில் நிலையான கழிவு 50,000, சேமிப்புக்கும் காப்பீட்டுக்குமான 80சி பிரிவில் 1.5 லட்சம், மருத்துவக் காப்பீடு 25,000, வீட்டுக்கடன் வட்டி 1.8 லட்சம். ஆக 4.05 லட்சம் கழிந்து 10.45 லட்சத்துக்கு வரி, செஸ் சேர்த்து 1,31,040 ரூபாய். புதிய முறையில் 75,000 மட்டும் கழித்து 13.75 லட்சத்துக்கு வரி 89,700 ரூபாய். ஒன்றும் செய்யாமலேயே 41,340 ரூபாய் குறைவு.

பழைய முறை எனக்கு லாபமாக வேண்டுமென்றால், நிலையான கழிவு போக இன்னும் 5.31 லட்சத்துக்கு மேல் கழிவு காட்ட வேண்டும். பெருநகரில் அதிக வாடகை கொடுத்து, வீட்டு வாடகைப் படியும் பெற்று, வீட்டுக்கடனும் கட்டுகிற சிலருக்கு அது முடியும். எனக்கு முடியாது. வரியைக் குறைக்கிறது என்பதற்காகவே எடுத்த இரண்டு காப்பீட்டுத் திட்டங்களுக்கு இன்னும் பிரீமியம் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு லட்சம் கழிவு என்றால் ஒரு லட்சம் மிச்சம் இல்லை, 20 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு 20,800 ரூபாய்தான் மிச்சம் என்பதை யாராவது முதல் ஆண்டே எனக்குச் சொல்லியிருக்கலாம்.

---

வரவேடு | 12 ஜனவரி 2026

மிக நல்ல கணக்கு. ஒன்றைச் சேர்க்கிறேன். புதிய முறையிலும் ஒரு கழிவு உயிரோடு இருக்கிறது: முதலாளி உங்கள் பெயரில் என்பிஎஸ் என்ற ஓய்வூதியத் திட்டத்தில் செலுத்தும் தொகை, அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை. அடிப்படைச் சம்பளம் 6 லட்சம் என்றால் 84,000 கழியும், உங்கள் அடுக்கில் 13,104 ரூபாய் வரி குறையும். அந்தப் பணம் வயதுகாலத்துக்காகப் பூட்டப்படுகிறது என்பதைத் தெரிந்துகொண்டு கேளுங்கள்.

12 லட்சத்தைக் கொஞ்சம் தாண்டினால் மொத்தமாக 60,000 கட்ட வேண்டுமோ என்று பயப்படுபவர்களுக்கும் ஒரு சொல். வரிக்குரிய வருமானம் 12,10,000 என்றால், கணக்குப்படி வரி 61,500. ஆனால் வரம்பைத் தாண்டிய 10,000 ரூபாய்க்கு மேல் வரி கேட்க மாட்டார்கள். செஸ் சேர்த்து 10,400 கட்டினால் போதும்.

முறையை மாற்றுவதில் இருவருக்கும் வேறுபாடு உண்டு. தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் ஒவ்வோர் ஆண்டும் மாறி மாறித் தேர்ந்தெடுக்கலாம், கெடு தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும், அவ்வளவுதான். தொழில் செய்பவர் பழைய முறைக்குப் போக 10-ஐஇஏ படிவம் கொடுக்க வேண்டும். போனபின் ஒரு முறை புதியதுக்குத் திரும்பலாம். தொழில் வருமானம் இருக்கும்வரை மறுபடி பழையதுக்குப் போக முடியாது. அம்மா, நீங்கள் இந்த 10-ஐஇஏ படிவத்தைக் கொடுக்காமல் புதிய முறையிலேயே இருங்கள்.

---

ஓய்வுக்காலம் | 13 ஜனவரி 2026

எனக்கு ஓய்வூதியம், கழிவு போக 9 லட்சம். பங்குகளைச் சில மாதங்களில் விற்றதில் 1 லட்சம் லாபம். மொத்தம் 10 லட்சம்தானே, வரி இல்லை என்று இருக்கிறேன். சரியா?

---

வரவேடு | 13 ஜனவரி 2026

ஐயா, சரியில்லை. ஓய்வூதியத்துக்கு வரி இல்லை. ஆனால் ஓர் ஆண்டுக்குள் விற்ற பட்டியலிட்ட பங்குகளின் லாபத்துக்குத் தனி விகிதம், 20 சதவீதம். அந்த வரியை 87ஏ தள்ளுபடி தொடாது. 20,000, செஸ் 800, ஆக 20,800 ரூபாய் கட்ட வேண்டும். அறுபது வயதைக் கடந்து, தொழில் வருமானமும் இல்லாததால் முன்கூட்டிய வரி உங்களுக்கு இல்லை. தாக்கல் செய்யும்போது கட்டலாம்.

---

மௌனவாசகர் | 14 ஜனவரி 2026

பல நாள் யோசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். அலுவலகத்தில் பலர் ஓர் ஆளிடம் கணக்குக் கொடுத்தோம். ரீஃபண்டில் பத்து சதவீதம் அவருக்குக் கூலி. 2023-24 ஆண்டுக்கு, நான் கொடுக்காத ஒரு லட்சம் ரூபாயை அரசியல் கட்சிக்கு நன்கொடை கொடுத்ததாகப் போட்டிருக்கிறார். 20,800 ரூபாய் கூடுதலாக வந்தது. இப்போது கழிவுகளைச் சரிபார்க்கச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. தவறு என்று தெரிந்தும் பேசாமல் இருந்துவிட்டேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

---

வரவேடு | 14 ஜனவரி 2026

சொன்னதே பெரிய காரியம். வழி இருக்கிறது, ஆனால் காலம் குறைவு. ஐடிஆர்-யு என்ற புதுப்பித்த கணக்கை நீங்களே முன்வந்து தாக்கல் செய்யுங்கள். அந்தக் கழிவை நீக்கி, வரியையும் வட்டியையும் கட்டி, அவற்றின்மேல் 25 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். 2023-24 ஆண்டுக்கு இந்த 25 சதவீதம் 2026 மார்ச் 31 வரைதான். அதன்பின் 50, பிறகு 60, 70. அந்த ஆண்டுக் கணக்கை ஆய்வுக்கு எடுத்து நோட்டீஸ் வந்துவிட்டால் இந்தக் கதவே மூடிவிடும். பொய்க் கழிவுக்கு அபராதம் ஏய்த்த வரியில் 200 சதவீதம்.

அந்த ஆள்மேல் பழி போட்டுத் தப்ப முடியாது. கணக்கு உங்கள் பான் எண்ணில் இருக்கிறது, உறுதிமொழி உங்களுடையது. கணக்கில் உள்ள கைபேசி எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று இன்றே தளத்தில் பாருங்கள். ரீஃபண்டில் பங்கு கேட்கும் எவரிடமும் கணக்கைக் கொடுக்காதீர்கள் என்று அலுவலகத் தோழர்களிடமும் சொல்லுங்கள்.

---

மௌனவாசகர் | 16 ஜனவரி 2026

வீட்டில் சொல்லிவிட்டேன். தளத்தில் பார்த்தால் மின்னஞ்சல் முகவரி அந்த ஆளுடையது. மாற்றிவிட்டேன். திங்கட்கிழமை ஒரு பட்டயக் கணக்காளரைப் பார்க்கிறேன். நன்றி ஐயா.

---

ஊசியும்நூலும் | 18 ஜனவரி 2026

மூன்று இரவு உட்கார்ந்து ஏப்ரல் முதல் டிசம்பர் வரை நோட்டில் ஏற்றிவிட்டேன். ஒன்பது மாத லாபம் 4,62,000 வருகிறது. பார்த்தபோது கண் கலங்கிவிட்டது. இத்தனை ஆண்டுகள் இவ்வளவு சம்பாதித்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

இன்னும் இரண்டு கேள்விகள். ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது என்கிறார்கள், இந்தக் கணக்கெல்லாம் மாறுமா? துணிக்கடை ஒன்று என்னிடம் தைத்து வாங்கிவிட்டு நான்கு மாதமாக 85,000 ரூபாய் தராமல் இழுக்கிறது. அதைக் கணக்கில் எப்படிக் காட்டுவது?

---

வரவேடு | 18 ஜனவரி 2026

1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025ஆம் ஆண்டுச் சட்டம் வரும் ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. பிரிவு எண்கள் மாறும், 'மதிப்பீட்டு ஆண்டு' போய் 'வரி ஆண்டு' வரும். இந்த மார்ச்சுடன் முடியும் ஆண்டின் கணக்குக்குப் பழைய சட்டம்தான்.

கடைக்காரர் பாக்கிக்கு ஓர் ஆயுதம் உங்களிடம் இருக்கிறது. குறு, சிறு தொழில்களைப் பதிவு செய்யும் அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்திருக்கிறீர்களா? கட்டணம் கிடையாது. பதிவு செய்த குறு, சிறு உற்பத்தியாளரிடம் வாங்குபவர், எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும். கெடு தாண்டிய பாக்கியை, பணத்தைக் கொடுக்கும் ஆண்டு வரை அவர் தன் வரிக்கணக்கில் செலவாகக் கழிக்க முடியாது. 43பி பிரிவில் இருக்கிறது. கணக்கேடு வைத்துத் தாக்கல் செய்யும் கடைக்காரருக்கு மார்ச் நெருங்கும்போது இது உறைக்கும். இனி ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணை அச்சிடுங்கள்.

வரவு 20 லட்சத்தை நெருங்கினால் ஜிஎஸ்டி பதிவு பற்றியும் கேட்டுக்கொள்ளுங்கள், தையல் கூலி சேவையில் வரும். தொழிலுக்கெனத் தனி வங்கிக் கணக்கு தொடங்கியாகிவிட்டதா?

---

ஊசியும்நூலும் | 19 ஜனவரி 2026

இன்று காலை தொடங்கிவிட்டேன் ஐயா. முதல் வரவு ஒரு பள்ளிச் சீருடை ஆர்டரின் முன்பணம், 14,000 ரூபாய். நோட்டிலும் ஏற்றிவிட்டேன். உத்யம் பதிவுக்கு ஆதாரும் பானும் எடுத்து வைத்திருக்கிறேன். இன்று இரவு கணவருடன் உட்கார்ந்து அதை முடித்துவிட்டு, அவருடைய சம்பளக் கணக்கையும் நாற்பதுக்குமேல் அண்ணன் போட்டதுபோல் இரண்டு முறையிலும் போட்டுப் பார்க்கப் போகிறோம்.